மாஃபியா பார்க்கப் போய் ஒரு பேக்கரியில் நின்றோம்

மனைவியின் தம்பி சுதன் ஜேர்மனியிலிருந்து ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாரம் வந்திருந்தான். நயாகரா பார்த்தாயிற்று, கோபுரமும் ஏறியாயிற்று. அடுத்து அவன் கேட்டது இத்தாலிய மாஃபியா சுற்றுலா. அமெரிக்க மாஃபியாக் குடும்பங்களின் வரலாற்றை எந்நேரமும் போனில் பார்க்கிறவன் அவன். எந்தத் தலைவனுக்குப் பிறகு எவன் வந்தான் என்பதை, என் பிள்ளைகளின் வயதைவிடச் சரியாகச் சொல்லுவான்.

"அத்தான், அமெரிக்கக் குடும்பத்தின்ர ஆக்கள் ரொறன்ரோவிலயும் இருந்தவை. உங்களுக்கு உது தெரியாதோ?"

தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இருக்கவில்லை. ஆனாலும் ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை 8.40க்கு எங்கள் பகுதியான மல்வேர்னில் பஸ் ஏறினோம். கார் மனைவியோடு மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போய்விட்டது.

சுற்றுலா தொடங்கும் கொலேஜ் வீதிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். சுரங்க ரயில் பாதையின் ஒரு பகுதி திருத்த வேலைக்காக மூடியிருந்தது. இறங்கி, வரிசையில் நின்று, மாற்று பஸ்ஸில் நெரிந்து, மறுபடி ரயில் ஏறினோம். ஆளுக்கு 3.30 டொலர் கட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறையும் மாறி ஏறலாம். நாங்கள் ஸ்ட்ரீட்கார் என்ற தெரு ட்ராமில் கால் வைத்தபோது இரண்டு மணி நேரமும் ஐந்து நிமிடமும் கடந்திருந்தது. திரும்பவும் 3.30.

சுற்றுலாவுக்கு வரியோடு ஆளுக்கு 50.85. பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம், இரண்டரைக் கிலோமீட்டர் நடை. வழிகாட்டி பழைய பாணித் தொப்பி, கறுப்புக் கோட்டு, கையில் சின்ன ஸ்பீக்கர். முதலாவது இடம், மாஃபியாக் குடும்பத்தின் ஆட்கள் சீட்டாடிய காப்பிக் கடையாம். இப்போது போன் விற்கிறார்கள். இரண்டாவது வங்கி. மூன்றாவது கட்டி முடியாத கொண்டோ அடுக்குமாடி. ஒவ்வொரு இடத்திலும் ஸ்பீக்கரில் துப்பாக்கிச் சத்தம். சுதன் மட்டும் கண் வெட்டாமல் வீடியோ எடுத்தான்.

நாலாவது இடம் ஒரு பேக்கரி. எல்லைக்கு அப்பாலிருந்த குடும்பம், இங்குள்ள இத்தாலியக் கடைகளைத் தங்கள் சீஸையும் எண்ணெயையும் வாங்கச் சொல்லி மிரட்டியதாம். இந்த பேக்கரிக்காரர் அவர்களுடைய ஆள், அடுப்புக்குப் பின்னால் துப்பாக்கி ஒளித்து வைத்தவர், எதிராளிகள் குண்டு வைத்தார்கள் என்று சொல்லி வழிகாட்டி ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் போட்டார்.

கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், கையெல்லாம் மாவோடு வெளியே வந்தார்.

"எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! என் அப்பா யாருடைய ஆளும் இல்லை."

"இது பொதுநடைபாதை, அம்மா. கதை எழுதுவது அலுவலகம். நான் சொல்லுகிறேன், அவ்வளவுதான்," என்றார் வழிகாட்டி. சுற்றுலாவுக்கு வந்த மற்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுதனின் போனைக் கையால் மறைத்தேன்.

"அத்தான், விடுங்கோ, இதுதான் நல்ல கட்டம்!"

"நீ போ. நான் வரேல்லை," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் கடைக்குள் போனேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்கு ஒரு காப்பி வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். அவருடைய அப்பா அவர்களுடைய சீஸை வாங்க மறுத்தவர். ஒரு விடியற்காலை, மா பிசைந்துகொண்டிருந்தபோது முன்பக்கம் வெடித்தது. ஒரு காது அதோடு போயிற்று. வந்தவர்களில் ஒருவனை அவர் யன்னலால் கண்டிருந்தார். நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி அவனைக் கை காட்டினார்.

"அதற்குப் பிறகு எங்கள் இத்தாலிய ஆட்களே ஒரு வருடம் இங்கே பாண் வாங்கவில்லை. பயம். இப்போது இவர்கள் அவரையே கள்ளனாக்குகிறார்கள்."

இருபது வயதில் நான் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீடியோக் கடையில் வேலை செய்தேன். எங்கள் தமிழ்ப் பெடியளின் அடிதடிக் குழு ஒன்று கடைக்குள் புகுந்து முதலாளியை அடித்தது. பொலிஸ் வந்து கேட்டபோது, ஒருவரின் முகத்தையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "உங்களுக்கும் பயம்," என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்துச் சுதன் வந்தான். மிச்சக் கதையும் இப்படித்தான் போனது, பாதியில் விட்டுவிட்டேன் என்றான். அப்பா கதையை அந்தப் பெண் அவனுக்கும் சொன்னார். எடுத்த வீடியோவை அவன் அங்கேயே அழித்தான். சுற்றுலா நிறுவனத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் வீடியோக் கடைக் கதையை அவனுக்கும் சொன்னேன்.

"அத்தான், உண்மையா நீங்கள் முகம் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். மூண்டு பேரையும் தெரியும்."

போக நினைப்பவர்களுக்கு: வார இறுதியில் ரயில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். தெருவில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை. அந்த பேக்கரி கொலேஜ் வீதியின் வடக்குப் பக்கம், மூலைக்கடை. பதினொரு மணிக்கு முன் போனால் பாண் சூடாக இருக்கும். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். சொல்லுவார்.