மந்திரி எது என்ற வழக்கு

சதுரங்கம் என்றால் பலருக்கு அமைதி நினைவுக்கு வருமாம். எனக்கு எனாமல் பெயிண்டின் நாற்றமும், காற்றடிக்கும் போதெல்லாம் தகரக் காய்கள் ஆணியில் ஆடி எழுப்பிய அற்பமான கிணுகிணுப்பும்தான் வருகின்றன. மைசூரில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறையில், என் தந்தையார் கதவளவு பலகையொன்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் வரைந்து, கட்டத்துக்கோர் ஆணி அடித்து, எண்ணெய் டின்னை வெட்டிக் காய்கள் செய்து மாட்டியிருந்தார். கடல் கடந்த ஓர் ஊரில், உலகப் பட்டத்தை வைத்திருந்தவருக்கும் அதைப் பறிக்க வந்தவருக்கும் வாரக்கணக்கில் நடந்துகொண்டிருந்த போட்டியை எங்கள் வரிசையிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அந்தப் பலகையில்தான் பார்த்தன.

இதை நான் மகிழ்ச்சியோடு எழுதவில்லை. அண்மையில் ஓர் உறவினர் திருமணத்தில், என் தாய்வழிச் சொந்தக்காரர்கள், என் தந்தையாருக்குச் சதுரங்கக் காயின் பெயர்கூடத் தெரியாது என்று என் முன்னாலேயே கதை சொல்லிச் சிரித்தார்கள். கல்லூரியில் ஆடிப் பரிசு வாங்கியவர், ரயில்வே கணக்குப் பிரிவில் மேலதிகாரிகளே எழுந்து நின்று பேசிய மனிதர் அவர். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமையாகிறது. படிப்பவர்கள் யார் பக்கம் வேண்டுமானாலும் நிற்கட்டும்.

என் தந்தையார் ஈரோட்டுக்காரர். உத்தியோகத்தின் பொருட்டு மைசூர் வந்தவர். என் தாயாரோ ஹனூர்ப் பக்கத்து ராமாபுரத்தைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாகக் கன்னட நாட்டிலேயே உழுது பிழைத்த தமிழ்க் குடும்பம். அவருடைய தம்பி மாதேசன் மாமா மண்டி மொஹல்லாவில் வெல்ல மண்டி வைத்திருந்தார். கடையைச் சாத்திவிட்டுச் சைக்கிளில் வெல்ல வாசனையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, பலகைக்கு எதிரே முதல் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அப்பா பட்டத்துக்கு வந்தவரின் பக்கம் நின்றதால், மாமா பட்டம் வைத்திருந்தவரின் பக்கம் நின்றார் என்றுதான் நான் இன்றும் கருதுகிறேன். கேட்டால், "இருக்கறவன எதுக்குங்க எறக்கோணும்? நல்லாத்தான ஆடறான்?" என்பார். அப்பாவோ, "உனக்கு ஆட்டமும் தெரியாது, ஆளும் தெரியாது மாப்பிள்ளை, வெல்லத்தை மட்டும் பார்" என்பார். கூடியிருந்தவர்கள் சிரிப்பார்கள், மாமாவும் சிரிப்பார். சிரித்தபடியேதான் பகை வளர்ந்தது.

ஆட்ட விவரம் பெங்களூர் ரயிலில் வரும் ஆங்கிலப் பத்திரிகையில் எழுத்துக் குறிகளாக வரும். அப்பா அதைத் தாமே படித்து, தாமே நீண்ட குச்சியால் காயைத் தூக்கி மாட்டி, இன்ன காரணத்தால் இன்ன நகர்வு என்று கல்லூரி விரிவுரை போல விளக்குவார். வேறெவரும் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாததால், ஒரே வீட்டுக்குள் இரண்டு சதுரங்கம் இருந்தது எங்கள் எவருக்கும் தெரியாமலே போயிற்று.

ஒரு நாள் ரயில் தாமதமாகி ஆங்கிலப் பத்திரிகை வரவில்லை. முந்தின நாள் பாதியில் நிறுத்திய ஆட்டம், முன்னறை நிறையக் கூட்டம். மாமா தம் கடைக்கு வரும் கன்னடப் பத்திரிகையைச் சட்டைக்குள்ளிருந்து உருவினார். அதில் எழுத்துக் குறிகள் கிடையா. ஆட்டத்தைக் கதை போல வாக்கியங்களில் எழுதியிருந்தார்கள். தந்தையார் குச்சியோடு பலகையின் அருகே நிற்க, மாமா கன்னடத்தைத் தமிழாக்கிக்கொண்டே உரக்கப் படித்தார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த அறையில் அவர் சொல்ல, அப்பா செய்தார்.

"வெள்ளை மந்திரி போயி யானைக்கு முன்னால இருந்த காலாள வெட்டிப்போட்டுது" என்றார் மாமா.

அப்பா ஒரு காயைத் தூக்கினார்.

"மச்சான், ஒட்டகத்த எதுக்குங்க தூக்கறீங்க? மந்திரியத் தூக்குங்க."

"இதுதான் மந்திரி" என்றார் அப்பா.

"அது ஒட்டகமுங்க. ராசாவுக்குப் பக்கத்துல நிக்கறதுதான் மந்திரி."

"ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவள் ராணி."

"சண்டைக் களத்துல பொம்பளைக்கு என்ன வேலைங்க மச்சான்?"

படிப்பவர்களுக்காக விளக்குகிறேன். யானை, குதிரை, காலாள், ராஜா ஆகியவற்றின் பெயர்கள் இரண்டு பேச்சுக்கும் ஒன்றே. தந்தையாரின் ஊர்ப் பேச்சில் ராஜாவுக்கு அடுத்து ராணி. மூலைவாட்டில் ஓடும் காய் மந்திரி. கன்னட நாட்டு வழக்கிலோ ராஜாவுக்கு அடுத்தவர்தான் மந்திரி. மூலைவாட்டில் ஓடுவது ஒட்டகம். ராமாபுரத்துத் தமிழர்களும் அந்த வழக்கையே கொண்டிருந்தார்கள். ஒரே சொல் இரண்டு காய்களுக்கு. அந்த நிலையில் இரண்டு காய்களுமே அந்தக் காலாளை வெட்டக்கூடிய இடத்தில் நின்றன என்பதுதான் எங்கள் குடும்பத்துக்கு வாய்த்த துரதிர்ஷ்டம்.

கூட்டத்தில் யாரோ, "ராமாபுரத்துல ஒட்டகமெல்லாம் மேயுதாம் சார்!" என்றார். அறையே அதிர்ந்தது. கூட்டம் சிரித்த தைரியத்தில் அப்பா தம் மந்திரியாலேயே அந்தக் காலாளை வெட்டி, யானை அதைத் திருப்பி வெட்டுவதையும் மாட்டிக் காட்டி, "ஒரு காலாளுக்காக மந்திரியைப் பறிகொடுத்திருக்கிறார் உன் ஆள். பட்டம் கைமாறியாகிவிட்டது" என்று தீர்ப்புச் சொன்னார். "இன்னும் இருக்குதுங்க, முழுசாப் படிக்க உடுங்க" என்று மாமா கேட்டார். "போதும். உன் பத்திரிகையின் லட்சணம் தெரிந்துவிட்டது" என்றார் அப்பா. மாமா பத்திரிகையை மடித்து, எழுந்து, வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ரயிலோட வந்தவங்களுக்கு இந்த மண்ணுப் பேச்சு எங்கீங்க வெளங்கும்?" இதை அவர் என் தந்தையாரின் கீழே வேலை செய்தவர்கள் எதிரில் சொன்னார் என்பதை இன்று கதை சொல்கிறவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் ஆங்கிலப் பத்திரிகை வந்தது. பட்டம் வைத்திருந்தவர் ராணியையே பலி கொடுத்து, எதிரியின் கோட்டையை உடைத்து, ஆட்டத்தை வென்றிருந்தார். அப்பா காய்களைச் சரியாக மாற்றி மாட்டினார். அன்று மாலை மாமா வரவில்லை. மண்டியில் வேலை செய்தவரிடம் சொல்லியனுப்பினார்: அதே கூட்டத்தைக் கூட்டி, மந்திரி எது என்று மச்சான் சொல்ல வேண்டும். சொல்லும் வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்.

வெறும் வீம்பாக இருந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியதே இல்லை. அடுத்த மாதம் என் மூத்த சகோதரி சரசுவுக்குத் திருமணம். எங்களவர் திருமணத்தில் தாய்மாமன் வந்து மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மணவறை ஏற முடியும். என் தாயாருக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவரே. அம்மா அதுவரை முன்னறைப் பேச்சில் தலையிட்டதில்லை, அன்று பலகைக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்: "எங்கியோ ஒருத்தன் பட்டம் கட்டிக்கறதுக்கோசரம் எம்புள்ளைக்குப் பட்டம் கட்ட ஆளில்லாமப் போகோணுமாங்க?"

அப்பா பதில் சொன்னார். "ஆட்டத்தில் நான் சொன்ன தீர்ப்புத் தவறு என்று வேண்டுமானால் எல்லார் எதிரிலும் சொல்கிறேன். நான் தூக்கிய காய் மந்திரி அல்ல என்று சொல்லமாட்டேன்." இதைவிடப் பெருந்தன்மையான வார்த்தையை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்குப் போனார். நானும் உடன் சென்றேன். வெல்ல மூட்டைகளுக்கு நடுவே மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டங் கெடக்கட்டும் அக்கா. தோத்தா என்ன, கெலிச்சா என்ன? மந்திரி எதுன்னு சொல்லச் சொல்லு. எங்கப்பன் பேசுன பேச்சப் பத்துப்பேரு முன்னால நக்கலடிச்சுப்போட்டு, ஆட்டத்துக்கு மன்னிப்புக் கேக்கறாராமா?" நடந்துதான் திரும்பினோம். சரசு கதவிடுக்கில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்தாள்; பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் அன்று சாப்பிடவில்லை.

முகூர்த்த நாளன்று சத்திரத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமன் எங்கே என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். அப்போது மாமா வந்தார்; புது வேட்டி, கையில் சீர்த்தட்டு. என் தந்தையாரைத் தாண்டி நேரே சென்று, சரசுவின் நெற்றியில் பட்டம் கட்டி, "நல்லாருடா கண்ணு" என்று சொல்லி, தாலி ஏறும் வரை அசையாமல் நின்றார். பின்பு கை நனைக்காமல், ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கினார். அத்தனை சம்பந்திகள் முன்னிலையில் பெண்ணைப் பெற்றவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்பா தடுக்கவில்லை, அழைக்கவுமில்லை. இருவரும் இறக்கும் வரை பேசிக்கொள்ளவில்லை. இரண்டு குடும்பங்களும் திருமணத்துக்கும் சாவுக்கும் மட்டும் முறை செய்துகொள்கிறோம்.

முதலில் சொன்ன அந்த அண்மைத் திருமணத்தின்போதும் உலகப் பட்டப் போட்டிதான் நடந்துகொண்டிருந்தது. மாமாவின் பேரன், ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன், பந்தியில் உட்கார்ந்தபடியே கைபேசியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்கள் தாமே நகர்ந்தன; யார் முந்துகிறார் என்பதை ஓரத்தில் ஒரு பட்டை உயர்ந்து தாழ்ந்து காட்டிற்று. எவரும் உரக்கப் படிக்கவில்லை, எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. என் பேத்தியும் அவன் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள். குயீன் என்றாள் அவள். பிஷப் என்றான் அவன். அவ்விரு பிள்ளைகளின் வாயிலும் ராணி இல்லை, மந்திரி இல்லை, ஒட்டகமும் இல்லை.

என் தந்தையாரைப் பற்றிய அந்தக் கதைக்கு எழுந்த சிரிப்பு அடங்கியபின் அவன் கைபேசியை என் பக்கம் நீட்டினான். "தாத்தா, எங்க அஜ்ஜா ஒட்டகம்னு ஃபைட் பண்ணது நிஜவா? இந்த போர்டுல ஒட்டகம் எது, தோர்சுங்க."

தன் தாத்தாவின் ஒட்டகத்தைக் காட்டச் சொல்கிறான். விரல் வைத்துக் காட்டுவது கடினமல்ல. ஆனால் ஒட்டகம் எது என்று காட்டினால், அடுத்த கேள்வி மந்திரி எது என்பதாக இருக்கும். அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் எதிரில் நான் அதற்குப் பதில் சொன்னதாக இருக்கக் கூடாது.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி வெளியே வந்தேன்.