கரி கேஸ் எஞ்சினும் கிழக்கு ஜன்னலும்

தங்கை மகன் வேலை பார்க்கிற ஆலையில் சிரட்டையையும் மரத்தூளையும் அரைகுறையாக எரித்து, அதில் வரும் வாயுவைக்கொண்டு கரண்ட் எடுக்கிறார்கள். "வாங்க மாமா, புது மிஷினைப் பாருங்க" என்று போன வாரம் கூட்டிப்போனான். சுவரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. "கேஸ் கசிஞ்சா இது கத்தும்" என்று அமுக்கிக் காட்டினான். கத்தியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாமாவுக்கு வயசாயிருச்சு என்று நாற்காலி எடுத்துப் போட்டான், பாவம்.

ஐம்பதுகளின் தொடக்கம். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் நான் நெல் எடை போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டுக் கம்பி அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. கரி கேஸில் ஓடும் எஞ்சின்தான். ஆள் உயர இரும்புத் தொட்டியில் மரக்கரியைக் கொட்டித் தீ வைத்து, கைப்பிடி வைத்த ஊதுவிசிறியை அரைமணி நேரம் சுற்றினால் கேஸ் வரும். சின்னக் குழாயில் பற்றவைத்துப் பார்த்து, நீலமாக எரிந்தால் எஞ்சினுக்குத் திருப்பிவிடுவார் டிரைவர் ஆறுச்சாமியண்ணன். எஞ்சின் ஓட்டுகிறவரும் எங்களுக்கு டிரைவர்தான். பஸ் டிரைவரைவிட மிடுக்காக இருப்பார்.

தீ வைக்கும் முன் எஞ்சின் அறையின் கிழக்கு, மேற்கு ஜன்னல் இரண்டையும் திறந்துவிடுவார். மார்கழி, தையில் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வேட்டியை உருவுகிற மாதிரி அடிக்கும். "இந்தக் கேஸுக்கு வாசனையே கிடையாதுங்க தம்பி. வெளிய போயிருச்சுன்னா நல்லது. உள்ள நின்னா ஆளைச் சாச்சுப்புடும்" என்பார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஒரு காதால்.

தையில் ஒருநாள். அன்று சாயங்காலம் எனக்குப் பெண் பார்க்கக் கொழிஞ்சாம்பாறை போகணும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும், கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்ட மாப்பிள்ளை முறுக்குமாக ஆலைக்குப் போனேன். கிழக்கு ஜன்னலில் புகுந்த காற்று கரித்தூளை வாரி, மேற்கு ஜன்னல் வழியாக வெளியே இருந்த என் தராசு மேல் கொட்டியது. அண்ணன் தொட்டிக்கு மறுபக்கம் விசிறி சுற்றிக்கொண்டிருந்தார். நான் வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய்க் கிழக்கு ஜன்னலைச் சாத்தினேன். காற்றே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தள்ளாடிக்கொண்டு களத்துக்கு வந்தார். கண் சிவந்து, பேச்சுக் குழறி, காயப்போட்ட நெல்மேலேயே வாந்தி எடுத்து விழுந்தார். எதிரே முதலாளி. மதுவிலக்குக் காலம். அண்ணனோ ஒருகாலத்தில் கள்ளச்சாராயத்தில் மிதந்து, மகள் பிறந்த பிறகு விட்டவர்.

"காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டியா? இனி இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே" என்றார் முதலாளி.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்கிறீர்களா? ஓடிப்போய் அந்த ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தேன். திறந்துவிட்டு வந்து கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும், பெண்ணும் கிடைத்திருக்காது. அவ்வளவு கேவலமான காரணம்தான். சாயங்காலம் அதே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றேன். அந்தப் பெண்தான் இன்றும் எனக்குக் காப்பி போட்டுத் தருகிறாள். அவளுக்கும் இது தெரியாது.

சில வருஷம் கழித்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அண்ணனைப் பார்த்தேன். மூக்கணாங்கயிறு விற்றுக்கொண்டிருந்தார். குடிகாரன் என்று எந்த ஆலையும் அவரைச் சேர்க்கவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, அன்னைக்கு நீங்க அங்கதான இருந்தீங்க. நான் குடிச்சிருந்தனுங்களா? எனக்கே நெனப்பு இல்லீங்க. ஊட்டுல அவ என்னை நம்ப மாட்டேங்கறா."

"எனக்கும் சரியா நெனப்பில்லீங்கண்ணா" என்றேன். ஒரு கயிறு வாங்கினேன். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

பிறகு கரண்டு வந்தது, கரித்தொட்டி பழைய இரும்புக்குப் போனது, அண்ணனும் போய்ச் சேர்ந்தார். ஆலை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன வாரம் தங்கை மகனின் ஆலையிலிருந்து திரும்பி வரும்போது அங்கே காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நெல் காய்ந்த களத்தில் வரிசையாகக் கார்கள். அவர் விழுந்த இடம் எது என்று மட்டும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"நீங்க குடிக்கலீங்கண்ணா. ஜன்னலைச் சாத்துனது நானுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, "யாரைப் பாக்கணுமுங்க?" என்றான்.