வேலி அணைந்திருந்த அரை மணி நேரம்

தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிடந்தவள் என் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி. முந்தின நாள் மாலை யானை மிதித்துச் செத்தாள்.

அந்த எஸ்டேட்டில் மின்வேலியைப் போடுவதும் அணைப்பதும் என் வேலை. அந்த மாதம் ஏதோ கல்லூரியிலிருந்து வந்தவர்கள் மேட்டில் ஆண்டெனா நட்டிருந்தார்கள். வேலியில் விட்டுவிட்டுப் பாயும் கரண்ட்டின் துடிப்பு அதில் இரைச்சலாக விழுந்தது. பகலில் யானை வராது என்று, மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வேலியை அணைக்க மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

"அப்படி என்னத்தத் தேடுறீங்க?" என்று அவர்களோடு வந்திருந்த மதுரைப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன்.

"காணாமப் போன சரக்கண்ணே. மாயமெல்லாம் இல்ல. நீங்க, நான், இந்தத் தேயிலை எதால ஆனதோ அதேதான். நட்சத்திரத்தையெல்லாம் கூட்டிப் பாத்தா பாதிகூடத் தேறல. மிச்சம் நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவுல ஆவியாப் பரவிக் கெடக்கு. ரொம்பத் தூரத்துலருந்து மின்னல் வெட்டு மாதிரி ரேடியோ அலை வரும். அந்த ஆவிக்குள்ள நுழைஞ்சு வந்தா தாமதமாகும். தாமதத்த அளந்தா சரக்கு எவ்வளவுன்னு தெரியும்."

"எட்டாங்கிளாஸ்ல ஓடுனவன்கிட்டச் சொல்றியே தாயி," என்றேன். சிரித்தாள்.

முந்தின நாள் மாலை ஐந்து மணிக்குச் சுவிட்சைப் போடப் போனபோது அந்தப் பெண் ஓடி வந்தாள். "ஒண்ணு மாட்டுற மாதிரி இருக்குண்ணே. அரை மணி நேரம் மட்டும்." கொடுத்தேன். பனிமூட்டத்தில் யானை கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. கடைக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி எதிரில் அகப்பட்டாள். கருவியில் மாட்டியது யாரோ ஓட்டிப்போன பைக்கின் இரைச்சல்தானாம்.

குழிக்கருகே பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "தம்பி, வேலியில கரண்ட்டு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுண்ணே."

வேலிக்கு அடியில் செடி வெட்டுவது அவர் வேலை. செடி கம்பியைத் தொட்டால் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

"அப்ப நான் வெட்டாம விட்ட மூலைதான்," என்றார். "நானே கொன்னுட்டேன்டா."

அதைக் கேட்டுவிட்டுத்தான் நடக்க ஆரம்பித்தேன். பஸ் மாறி ஏலப்பாறையில் இறங்கியதும் அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கரண்ட்டு இல்ல. நாந்தான் அணைச்சு வச்சிருந்தேன். உங்க செடியால இல்ல."

போனில் அவருக்குப் பின்னால் ஜெபம் கேட்டது.

"அவ குழிகிட்ட நிக்கும்போது இதச் சொல்ல வாய் வரலையாடா? நேர்ல வந்து சொல்லு."

"வர்றேண்ணே," என்றேன்.

போகவில்லை. மறுநாள் காலை ஒரு தேயிலை ஃபாக்டரியில் பாய்லருக்கு விறகு தள்ள ஆள் கேட்டார்கள். சேர்ந்துகொண்டேன்.