மீன் மட்டும் போதும் என்று ஹனிபா நானா சொல்லவில்லை

செய்தி வந்தபோது நான் தொட்டிக்கரையில் நின்று தண்ணீரின் உப்பளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். எங்கள் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் ஒருவர், "இன்னாலில்லாஹி. எங்கட ஹனிபா நானா மௌத்தாகிட்டாங்க. அஸருக்குப் பிறகு பாலாவியில ஜனாஸா" என்று போட்டிருந்தார். கீழே இறந்தவரின் படம். இரண்டு பூனைகளுக்கு நடுவில் குந்தியிருந்து சிரிக்கிறார். நான் உப்பளவைக் குறிக்க மறந்து, திரும்பவும் தண்ணீர் அள்ளிப் பார்த்தேன். மூன்றாவது தடவையும் எண் மனதில் நிற்கவில்லை.

அன்று முழுக்கக் குழுவில் எல்லாரும் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதினார்கள். ஒருவர் மட்டும் பகிடியாக, "பூனை வைத்தியத்தில மட்டும்தான் மனிசன் சறுக்கினார்" என்று எழுதினார். யாரும் மறுத்து எழுதவில்லை. மறுக்க வேண்டிய ஒரே ஆள் நான். நானும் எழுதவில்லை. அந்த வரியை வாசித்த நேரத்திலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவரைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுவது அதனால்தான்.

உடப்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பொரிப்பகத்தில் நான் தண்ணீரைப் பார்ப்பவன், அவர் தீனியைப் பார்ப்பவர். முட்டையிட வேண்டிய தாய் இறால்களுக்குக் கணவாய், மட்டி, ஈரல் எல்லாம் பச்சையாக நறுக்கிப் போடுவது அவருடைய பொறுப்பு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் உடப்புத் தமிழன் என்றாலும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லாரையும் போல நானும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள் கணவாய் கொண்டுவந்த லொறிக்காரர், நல்ல சாமான்தான் என்று சத்தம் போட்டு வாதாடினார். நானா ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, அவரிடமே நீட்டினார். "நீ இதத் தின்னு. தின்டா நான் தொட்டியில போடுறன்." லொறிக்காரர் பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் நின்ற எங்களிடம் நானா சொன்னார்: "அதுகளுக்குக் கடைத்தெரு இல்லயே. நாம வெக்கிறதுதான் தீன். புடிக்காட்டி எங்க போறது?"

பூனைக் கதை அங்கிருந்துதான் தொடங்கியது. தீனிக் கொட்டகையில் எலிக்காக இரண்டு பூனைகள் இருந்தன. சாப்பாட்டுப் பார்சல்களில் மிஞ்சும் சோறும் குழம்பும்தான் அவற்றுக்குச் சாப்பாடு. இரண்டும் முடி கொட்டி, முதுகில் சொறியோடு திரிந்தன. நானா ஒருநாள் என்னிடம் கேட்டார், "தாய் இறாலுக்குக் கணவாய அவிச்சா குடுக்கிறம்? அப்ப பூனைக்கு மட்டும் எனத்துக்கு சோறும் மொளகுத் தண்ணியும்?" பாலாவிச் சந்தியில் ஒரு கோழிக்கடையில் இதயம், ஈரல், கழுத்து எல்லாம் வாங்கி, ஐஸில் இறுக வைத்து, பிறகு இளக்கி, நறுக்கிப் போடத் தொடங்கினார். நாங்கள் சிரித்தோம். இரண்டு மாதத்தில் அந்தப் பூனைகளின் முதுகு எண்ணெய் தடவியது போல மினுங்கியது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டில் பூனை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்கத் தொடங்கினார்கள். முகாமையாளரின் மனைவியும் கேட்டனுப்பினார்.

அவர் என்ன சொன்னார் என்பதை நான் இங்கே சரியாக எழுத வேண்டும். இதயமும் சதையும்தான் கூட இருக்க வேண்டும். ஈரல் விரல்நுனி அளவு. கழுத்தெலும்பைப் பச்சையாகவே இடித்துக் கொடுக்கலாம், அவித்த எலும்பு கொடுக்கவே கூடாது, அது சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நறுக்கிய பலகையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மீன் கிழமைக்கு ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள். இதை என்னிடம் ஒருமுறையல்ல, மூன்று நான்கு முறை சொன்னார். மீன் பற்றிச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் விரலை மடக்கிக் காட்டினார்.

என் மனைவி ரஜனி, பஸ் நிலையத்தில் கிடந்த ஒரு செந்நிறப் பூனைக்குட்டியை எடுத்து வந்து வளர்த்தாள். பெயர் செம்பி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வேலைக்குப் போனால் வீட்டில் அவளும் செம்பியும்தான். முதல் மூன்று மாதம் நானா சொன்ன மாதிரியே கோழி இதயம் வாங்கிப் போனேன். பிறகு எனக்கு அலுத்துவிட்டது. வேலை முடிந்த பிறகு இன்னொரு பஸ் ஏறிக் கோழிக்கடைக்குப் போக வேண்டும். ரஜனியின் அண்ணன், என் மச்சான், கரைவலைக்குப் போகிறவர். காலையில் அவர் ஒரு கை சூடை மீனை வாசலில் வைத்துவிட்டுப் போவார். நான் அதையே பச்சையாகப் போடச் சொன்னேன்.

"நெடுக மீனே குடுக்கலாமா? நானாட்டக் கேட்டீங்களா?" என்று ரஜனி கேட்டாள்.

"கேட்டுட்டேன். மீன் மட்டும் போதுமாம்" என்றேன்.

நான் கேட்கவில்லை. அன்று சட்டையை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்ன சொல் அது. சொல்லி ஐந்து நிமிடத்தில் மறந்தும் போனேன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். ஒரு காலையில் செம்பி குசினிக்குள் தள்ளாடித் தள்ளாடி வந்தாள். தலை நெஞ்சுக்குள் வளைந்து கிடந்தது, நிமிர்த்த முடியவில்லை. கண்மணி இரண்டும் அகன்று கறுப்பாக இருந்தன. தண்ணீர்ச் சட்டியைத் தாண்டி நடந்து சுவரில் முட்டினாள். ரஜனி அவளைச் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, ஓட்டோ பிடித்துச் சிலாபத்தில் ஒரு மிருக வைத்தியரிடம் போனோம். வழியில் செம்பிக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. ரஜனி அழவில்லை, ஓட்டோக்காரரிடம் "கெதியாப் போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வைத்தியர் பார்த்தவுடன் கேட்டார், "என்ன சாப்பாடு?"

"பச்சை மீன்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்ல."

சில மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் கொடுத்தால், அந்த மீனில் உள்ள ஒரு பொருள் பூனையின் உடம்பிலுள்ள விட்டமின் பி-1 சத்தை அழித்துவிடும் என்றார். இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் காப்பாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டார். பிறகு, "ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார்.

"இவரோட வேலை செய்யிற ஹனிபா நானா" என்றாள் ரஜனி.

நான் பக்கத்தில் நின்றேன். வைத்தியர், தெரியாத ஆட்கள் வைத்தியம் சொல்வதைப் பற்றிக் கோபமாக ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது ரஜனி ஓட்டோவிலிருந்தே நானாவுக்குப் போன் எடுத்தாள். அவள் மூத்தவர்களோடு குரல் உயர்த்துகிறவள் அல்ல. அன்று உயர்த்தினாள். மறுமுனையில் அவர் கேட்டது எனக்கும் கேட்டது: "இப்ப எப்பிடி தங்கச்சி? கழுத்து நிமிந்திச்சா?"

மூன்றாம் நாள் செம்பி நிமிர்ந்து நடந்தாள். நான்காம் நாள் நானா எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, அவளைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். ரஜனியிடம், "கோவிச்சது சரிதான் தங்கச்சி" என்றார். நான் அவரை வேலிப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று, என்னைக் குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், உண்மையிலேயே தெரியாமல் கேட்கிறவர் போலக் கேட்டார்.

"செல்வா, மீன் மட்டும் போதும் எண்டா நான் சென்னன்?"

அந்தப் படலையில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வேறு யாரும் இல்லை. சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, என் தோளில் ஒன்று போட்டுவிட்டுப் போயிருப்பார். உள்ளே ரஜனி இருக்கிறாள் என்ற பயம் எனக்கு. "எனக்கு அப்பிடித்தான் நானா விளங்கிச்சு" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப விளங்கிற மாதிரி நான் செல்லல்ல" என்றார்.

அடுத்த இரண்டு கிழமையும் வேலை முடிந்ததும் அவர் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தன்னிடம் பூனைச் சாப்பாடு கேட்டிருந்த வீடுகளுக்கெல்லாம் போனார். ஒன்பது வீடு. தான் பிழையாகச் சொல்லியிருக்கக்கூடும், மீன் மட்டும் கொடுக்காதீர்கள், ஒரு பூனை சாகப் பார்த்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். அதில் ஒன்று முகாமையாளரின் வீடு. அவரிடம் ஒருவரும் குறை சொல்லியிருக்கவில்லை. நானா தானாகவே போய்ச் சொன்னார். மறுநாள் முகாமையாளர் எங்கள் எல்லாருக்கும் முன்னால், "ஒரு பூனைக்கே என்ன குடுக்கிறதெண்டு தெரியாத ஆளிட்டயா நான் தாய் இறாலக் குடுத்து வெச்சிருக்கன்?" என்றார். நானாவைத் தீனியிலிருந்து எடுத்து, வாய்க்கால் மதகில் காவலுக்குப் போட்டார். நானா கத்தியைக் கழுவித் துடைத்து, புதிதாக வந்தவரிடம் கொடுத்தார். ஐந்து மாதம் மதகில் நின்று வெயிலில் காய்ந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டார்.

அந்த ஐந்து மாதமும் தண்ணீர் அளக்க நான் நாளுக்கு இரண்டு தடவை அந்த மதகுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் எழுந்து, "செம்பி எப்பிடி?" என்று கேட்பார். நல்லா இருக்கிறாள் என்பேன். தண்ணீரை அள்ளிக்கொண்டு திரும்பி வருவேன். பிறகு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், நாளும் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன் பாலாவிச் சந்தியில் கண்டபோதும் அதே கேள்விதான் கேட்டார். எனக்குப் பஸ் வந்துவிட்டது. அது நான் ஏற வேண்டிய பஸ்ஸும் இல்லை. ஏறி, அடுத்த தரிப்பில் இறங்கி நின்றேன்.

பின்னேரம் ஜனாஸா தொழுகைக்கு நான் நேரத்தோடு போனேன். பள்ளிவாசலுக்கு வெளியே, வேலியோரம் எங்கள் பொரிப்பக ஆட்களோடு நின்றேன். வீதியில் சீமெந்து லொறிகள் போய்க்கொண்டிருந்தன. தொழுகைக்கு முன் அவருடைய மகன் ரிஸ்வான் ஒலிபெருக்கியில் பேசினான். "எங்கட வாப்பா ஆருக்காவது ஏதும் பிழை செஞ்சிருந்தா, ஆர்ர மனசயாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க." மன்னிப்பதைத்தான் அவர்கள் பொருந்துவது என்கிறார்கள். இறந்தவருக்காக உறவினர் சபையில் அதைக் கேட்பது வழக்கம் என்று எனக்கு முன்பே தெரியும். அவர் எனக்குச் செய்த பிழை ஒன்றுமில்லை. நான் அவருக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இனி ஆள் இல்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலையும்போது ரிஸ்வானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் முப்பது வயதுக்காரன், புத்தளத்தில் கடை வைத்திருக்கிறான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வாப்பாவின் இடத்திலிருந்து நீயாவது என்னைப் பொருந்த வேண்டும் என்றேன்.

"மதகில நிண்டு வாப்பாட கால் ரெண்டும் வெடிச்சிப் போயிருந்திச்சி அங்கிள்" என்றான். பிறகு, "அவங்களுக்குச் செஞ்சத நான் எப்பிடிப் பொருந்துற? என்ட கையில இல்ல அது. வாப்பாவத் தெரிஞ்ச ஆக்களுக்கு நீங்க செல்லுங்க. அது மட்டும் ஏலும் உங்களுக்கு" என்றான். கை கொடுத்துவிட்டுத்தான் போனான்.

வீட்டுக்கு வந்து ரஜனிக்குச் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று இத்தனை காலம் பயந்திருந்தேன். போடவில்லை. "டொக்டருக்கு முன்னால நான் அந்த மனுசன்ட பேரச் சொல்லேக்க நீங்க பக்கத்திலதானே நின்னீங்க" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் என்னோடு கதைப்பதில்லை. முகாமையாளரிடமும் போய்ச் சொன்னேன். "அது பழைய கதை செல்வா" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பார்க்கத் தொடங்கினார். நான் இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

நானா சைக்கிளில் போன வீடுகளுக்கு இப்போது நான் போய்க்கொண்டிருக்கிறேன். முகாமையாளரின் வீட்டோடு நான்கு முடிந்தது. முந்தல் பக்கம் ஒரு வீட்டில், அங்கிருந்த அம்மா எனக்குக் கதிரை இழுத்துப் போட்டுவிட்டு, அன்று நானா வந்ததைச் சொன்னார். அவர் முற்றத்திலேயே நின்றாராம். இருக்கச் சொன்னதற்கு, "முதல்ல செல்லிர்றன், பொறகு இரிக்கிறன். இருந்தா தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தா வேற கதை வரும்" என்றாராம்.

அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான். போகிற வீட்டில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: மீன் மட்டும் போதும் என்று ஹனிபா நானா ஒருநாளும் சொல்லவில்லை, சொன்னது நான். சிலர் அதற்குப் பிறகும் இருக்கச் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. இன்னும் ஐந்து வீடு இருக்கிறது. இன்று பின்னேரம் ஆண்டிமுனையில் உள்ள வீட்டுக்குப் போகிறேன்.