மூவாயிரம் சீசீயும் ஒரு மரக்கட்டையும்

எங்கள் பழைய ஜீப்பின் பின் ஆசனத்துக்கடியில் ஒரு மரக்கட்டை எப்போதும் கிடக்கும். ஏற்றத்தில் எஞ்சின் திணறி வண்டி நின்றுவிட்டால், பின்னுக்கு உருளாமல் டயருக்கு முட்டுக்கொடுக்க அது. முட்டுக்கொடுப்பது என் மனைவியின் வேலை. போன டிசம்பரில் நுவரெலியா போகும்போது, றம்பொடை ஏற்றத்தில் அந்த வேலை அவளுக்கு ஐந்து தடவை கிடைத்தது. ஐந்தாவது தடவை அவள் திரும்ப ஏறவில்லை. பாரம் குறையட்டும் என்று, கட்டையைக் கையில் பிடித்தபடி மேலே தேநீர்க் கடைவரைக்கும் நடந்தே வந்தாள். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது; ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் பிழையாகிப் போனது.

வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். சித்திரை விடுமுறையில் இந்த வண்டி அவளை இறக்காமல் அதே ஏற்றத்தில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும். முகத்துவாரத்தில் ஒரு மீன் முதலாளி ஏற்கெனவே விலை கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், சொன்னால் சொன்னதுதான். தினமும் காலி வீதி நெரிசலில் தன் சின்னக் காரை ஓட்டிப் போகிறவள், என்னைவிட நன்றாகவே ஓட்டுவாள். ஆனாலும் ஜீப்பின் சாவியை அவளிடம் நான் கொடுத்ததே இல்லை. அது என் செல்லம். விற்கிற எண்ணம் எனக்கு மருந்துக்கும் கிடையாது.

ஆகவே பெரிய எஞ்சின். பழைய வாகனப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை அலைந்து, ஜப்பானிலிருந்து வந்திறங்கிய மூவாயிரம் சீசீ டீசல் ஒன்றைப் பிடித்தேன். மாட்டுவதற்குக் கொட்டாஞ்சேனையில் எனக்கொரு பாஸ் இருக்கிறார். கொழும்பில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவோம். என் வயதுக்காரர், அந்தோனியார் பக்தர். செவ்வாய்க்கிழமையில் கோயிலுக்குப் போய்வராமல் ஸ்பானரைத் தொடமாட்டார்.

எஞ்சினை வண்டிக்குள் இறக்கும் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னர் எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வண்டியை ஜாக்கியிலிருந்து ஒருக்கால் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு, எஞ்சின் தாங்கிகளுக்கு வெல்டிங் வைப்போம் என்றார் பாஸ். மணி அப்போது பத்து. இறக்கி ஏற்றினால் அரை மணித்தியாலம் போய்விடும் என்று நான் முரண்டு பிடித்தேன். தன் செவ்வாய்க்கிழமையை நினைத்தாரோ என்னவோ, என் ராகு காலத்தை அவர் மதித்தார். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஜாக்கியில் நின்ற வண்டியிலேயே அளந்தோம். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் முன் அச்சுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. பத்து இருபதுக்கு வெல்டிங் முடிந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு வண்டியை இறக்கினோம். பாரம் சக்கரங்களுக்கு வந்ததும் வண்டியின் உடம்பு ஸ்பிரிங்கில் அமிழ்ந்தது. எண்ணெய்த் தொட்டி போய் அச்சின் மேல் குந்திக்கொண்டது. பாஸ் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சேர், ஜாக்கியில நிக்கிற வரைக்கும் இது நல்ல வண்டி” என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி முதலாளியின் டெலிபோன் நம்பரை எடுத்து மேசையில் வைத்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பாஸ் கைவிடவில்லை. தொட்டியைக் கழற்றி, அச்சு இடிக்கும் இடத்தை வெட்டி, குறைந்த இடத்தைப் பின்பக்கம் நீட்டி ஒட்டினார். பத்து நாள் எடுத்தது. இந்தமுறை அவர் சொன்ன நேரத்துக்குத்தான் சாவியைத் திருப்பினேன். அது ராகு காலமா என்று பஞ்சாங்கத்தை இன்றுவரை புரட்டிப் பார்க்கவில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாற்றும் அலைச்சலும் முடிய, சித்திரை வந்துவிட்டது.

றம்பொடையில் மூன்றாவது கியரிலேயே ஏறினோம். ஒரு பஸ்ஸைக்கூட முந்தினேன். சந்தோஷத்தில் எனக்குப் பாட்டு வந்தது. பாதி ஏற்றத்தில், போன டிசம்பரில் அவள் இறங்கிய அதே வளைவில், நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பின்னால் போய், கட்டையை எடுத்துக்கொண்டு என் கதவடிக்கு வந்தாள்.

“இறங்குங்கோ. நான் ஓட்டுறன். நீங்கள் இதைக் கொண்டு கடைவரைக்கும் நடந்து வாங்கோ.”

இறங்கினேன். ஒரு விரற்கடைகூடப் பின்னுக்கு உருளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். கட்டை நான் நினைத்ததைவிடப் பாரம். சற்றுமுன் நான் முந்திய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று நானுமல்லவா சிரித்தேன்.

மேலே இரண்டு தேத்தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சு வாங்க வாங்கச் சாவியைக் கேட்டேன்.

“நீங்கள் களைச்சுப் போனீங்கள். அந்த முதலாளிக்கு இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ, வண்டி எனக்கு வேணும்” என்றாள்.

நுவரெலியா வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில், கட்டையை மடியில் வைத்தபடி இருந்தேன்.