அப்பா சீரியஸ்

நேற்று கனடாவிலிருந்து அக்காவின் மகன் பேசினான். ஊரில் எங்கள் பள்ளிமுனை வீட்டுக் கிணறு உப்பாகிவிட்டது என்றேன். "சீரியஸா, சித்தி?" என்றான். காற்றுக்கு வேலி விழுந்துவிட்டது என்றேன். அதற்கும் "சீரியஸா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லையடா, விளையாட்டுக்கு விழுந்தது" என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

உங்களுக்குச் சொன்னால் விளங்கும். எங்கள் காலத்தில் அந்தச் சொல்லை இப்படி அள்ளி இறைக்கமாட்டோம். ஆஸ்பத்திரியில் "ஆள் சீரியஸ்" என்றால், தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற நோய் வருத்தமல்ல அது. தூரத்தில் இருப்பவருக்கு அப்படிச் செய்தி வந்தால் ஆள் முடிந்துவிட்டது என்றே அர்த்தம். வழியில் மயங்கி விழக்கூடாதே என்று உண்மையைச் சுற்றிக் கொடுப்பார்கள்.

நான் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் காலை கடைத் தொலைபேசியில் அண்ணன். ஒரே இரைச்சல். "அப்பா சீரியஸ்... நீ உடனே வெளிக்கிடு" என்பது மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

கடையே என்னோடு சேர்ந்து அழுதது. கூட வேலைசெய்த ராணி, பூச்சி உருண்டை மணக்கிற தன் வெள்ளைச் சேலையை எனக்கு உடுத்திவிட்டாள். மதவாச்சியில் பஸ் மாறியும் அழுகை நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா, தான் உயிலங்குளத்தில் இறங்கும்வரை என் கையை விடவேயில்லை.

பள்ளிமுனை வீட்டுக்குப் போனால், முற்றத்தில் கதிரை போட்டு அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஆரின்ரை செத்தவீடு?"

அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். "ஐயோ, அப்பா உன்ரை கலியாண விசயத்திலை சீரியஸா இருக்கிறார், நாளைக்குப் பேசாலையிலையிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகினம் எண்டெல்லோ சொன்னனான்! லைன் அறுந்தா நான் என்ன செய்ய?"

அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "வழிமுழுக்க உங்களுக்காண்டி அழுதுகொண்டு வந்தனான் அப்பா. நான் வேண்டாம் எண்டது மட்டும் உங்களுக்குக் கேக்கேல்லை!"

மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வண்டி வந்து நின்றபோது அப்பாவே வாசல் படலைக்குப் போனார்.

"குறைநினைக்காதேங்கோ. பிள்ளைக்கு விருப்பமில்லை."

அதன்பிறகு பேசாலைக்காரர் கோயில் திருநாளில் கண்டால்கூட அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொழும்புக்குத் திரும்பினால் அங்கே வேறு கூத்து. "அப்ப அப்பா சாகேல்லையா?" என்று முதலாளி ஏமாந்தவர் மாதிரிக் கேட்டார். பிறகு எனக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த மனிதர் நம்பியதில்லை.

அப்பா நெடுங்காலம் இருந்துதான் போனார். அண்ணனும் கண்ணை மூடிவிட்டான். பள்ளிமுனை வீட்டில் இப்போது பூட்டுத்தான் தொங்குகிறது. அந்தக் காணியை விற்கச் சொல்லி என்னிடம் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்கிறார்களில்லை. எனக்காகப் படலைக்குப் போய் நின்று சொல்ல ஒருவரும் இல்லை.