தேடல் பெட்டிக்கு ஒரு வணக்கம்

பொந்தியான் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. என் மதியச் சோற்றைக் கெடுப்பதற்கென்றே அங்கே ஒரு இணையப் பக்கம் இருந்தது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பக்கம். அதில் பதினான்கு கட்டங்கள். எதில் எதை நிரப்புவது என்று அதைச் செய்தவருக்கே தெரிந்திருக்காது. மாணவர்கள் இரண்டு நிமிடம் அதை முறைத்துவிட்டு, நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம் பார்த்து வந்து நிற்பார்கள். "அக்கா, கொஞ்சம் தேடிக் குடுங்க லா!"

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. பதினான்கையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு பெட்டி வைத்தேன். வேண்டியதை எழுதி அமுக்கினால் போதும். தலைமை நூலகருக்குப் பிடிக்கவில்லை.

"பிள்ளைங்க கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கணும். வெள்ளிக்கிழமை நானே தேடிப் பார்ப்பேன். சரியா வரலன்னா பழைய பக்கம்தான்," என்றார்.

என் மதியச் சோற்றின் கதி அவர் கைக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை, பெக்கோக்கிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து, ரப்பர் மரத்தைப் பற்றித் தேடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி தேடினாள். அப்போதும் இல்லை. எட்டிப் பார்த்தேன். "வணக்கம் அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கவும், ரப்பர் மரம் பத்தி ஏதாச்சும் இருக்கா, தெரிமா காசே" என்று மலாய் நன்றியோடு முடித்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"வாட்ஸ்அப்ல உங்களுக்கு இப்படித்தானே அக்கா போடுவோம்? சும்மா ரப்பர்னு மட்டும் போட்டா மரியாதையா இருக்காதே!"

அலமாக்! அந்த அசட்டுப் பெட்டி வணக்கத்தையும் சேர்த்துத் தேடியிருக்கிறது. ரப்பரை ஆராய்ந்த எந்த விஞ்ஞானி தன் கட்டுரையில் 'அக்கா' என்று எழுதியிருப்பார்? அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து, தேடும்போது கண்டுகொள்ளாமல் விடவேண்டிய சொற்களைப் பட்டியல் போட்டேன். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் வணக்கம், மன்னிப்பு, நன்றி, அக்கா, லா.

வெள்ளிக்கிழமை தலைமை நூலகர் வந்தார். கைகட்டி நின்றேன். அவரும், அட கடவுளே, "செலாமாட் பாகி" என்று காலை வணக்கத்தோடுதான் ஆரம்பித்தார். அன்னாசிப்பழ விவசாயம் பற்றிக் கேட்டார். கட்டுரைகள் கொட்டின. முகம் மலர்ந்தவர், "தெரிமா காசே" என்று எழுதி அமுக்கினார்.

'எதுவும் கிடைக்கவில்லை. வேறு சொல்லால் முயலவும்' என்றது பெட்டி.

"நன்றி சொன்னா வேற சொல்லு கேக்குது! திங்கட்கிழமைக்குள்ள இதுக்கு மரியாதை கத்துக் குடுங்க. அப்புறம் இந்தப் பெட்டியையே வச்சுக்கலாம்."

கற்றுக் கொடுத்தேன். இப்போது நன்றி சொன்னால், 'சாமா சாமா, பரவாயில்லை' என்கிறது. பிள்ளைகள் அதனிடம் மணிக்கணக்காகக் குலாவுகிறார்கள். எனக்கு வந்துகொண்டிருந்த வணக்கமெல்லாம் அதற்கே போகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருக்கிறது.

மதியம் பொட்டலத்தைப் பிரிக்கிறேன். ஒரு வாய் வைப்பதற்குள் கை தானாக நின்றுவிடுகிறது. கதவைப் பார்க்கிறேன். யாரும் வருவதில்லை.